எல்லை கடத்திவிட்ட மாமா

பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிற மாஸ்டரின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. லாரியிலிருந்து பசியோடு இறங்குகிறவர்கள் கல்லைப் பார்ப்பார்கள், மாவு வீசும் கையைப் பார்ப்பார்கள், மிஞ்சிப்போனால் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு நான் சமையல்கட்டு வழியாகப் போனதால் முதுகைப் பார்த்தேன். தொப்பூர்க் கணவாய் ரோட்டில் நான் காய் நறுக்கும் வேலை பார்த்த ஓட்டலில் கறிவேப்பிலை தீர்ந்துபோயிருந்தது. சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு ஓட்டலில் கொஞ்சம் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உள்ளே ஒரே புகை. தலையில் துண்டு கட்டிய ஒருவர் மாவை வீசிக்கொண்டிருந்தார். இடது தோள் இறங்கியிருந்தது, வலது தோள் ஏறியிருந்தது, ஒவ்வொரு வீச்சுக்கும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அது என் அக்கா வீட்டுக்காரரின் முதுகு. மாமா மலேசியாவில் அல்லவா இருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். மலேசியாவிலும் இல்லை, அவர் எங்கே இருக்கிறார் என்றே மாதக்கணக்கில் எங்களுக்குத் தெரியவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நடந்தது இதுதான். மாமா மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவிடம் பேசுவார். ஒருநாள் அக்கா தோட்டத்தில் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "என்னய டிபோர்ட் பண்றாங்க. நீ பயப்படாத. வெச்சிடறேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த எண்ணும் எடுக்கவில்லை, பழைய எண்ணும் எடுக்கவில்லை. அக்கா பூக்கூடையை வரப்பிலேயே வைத்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"டிபோர்ட்னா என்னா பாப்பா? நல்லதா, கெட்டதா?"

நான் எட்டாவதோடு நின்றவள். அக்கா அதற்கும் முன்னாலேயே நின்றவள். ஆக எங்கள் இருவரில் படித்தவள் நான்தான். "கெட்டதுதான்னு நெனைக்கிறேன்கா" என்றேன்.

"ஒனக்கு எதுதான் கெட்டதா படல? கேஸ் அடுப்ப அணைச்சிட்டு நாலு தடவ திரும்பிப் போயி பாக்கறவ நீ. தெரிஞ்சவங்கள கேட்டுச் சொல்லு."

அவள் சொன்னது சரிதான். எனக்கு எந்தச் செய்தி வந்தாலும் அதன் கடைசிப் படிக்கு மனசு முதலில் இறங்கிவிடும். அன்றைக்கும் மாமாவைக் கப்பலில் ஏற்றி நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போவதுபோல் ஒரு காட்சி வந்துவிட்டது. கடல் எப்படி இருக்கும் என்றுகூட நேரில் பார்க்காதவள் நான். ஆனால் அந்தப் பயத்தோடு கூடவே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தச் சொல் என்ன சொல், இதற்கு என்ன பொருள், யார் இதை முதலில் சொன்னது என்ற குடைச்சல். மாமா எங்கே என்பதைத் தேட எனக்கு வழி தெரியவில்லை. சொல்லைத் தேடலாமே என்று தோன்றியது. சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் அதன் மறுமுனையில் மாமா இருப்பார் என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

முதலில் எங்கள் ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டேன். "திருப்பி அனுப்பறதும்மா. சாமான் சரியில்லன்னா கடைக்காரன் ரிட்டர்ன் போடறான்ல, அது மாதிரி" என்றார். அவர் மனசில் ஒன்றுமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க வெங்காயம் நறுக்கும்போது வந்த கண்ணீர் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாமா என்ன, ஒடிந்துபோய்த் திரும்பி வருகிற சாமானா?

அடுத்ததாக, வாரத்துக்கு ஒருமுறையாவது எங்கள் கடையில் சாப்பிடும் ஒரு கன்னடக்கார டிரைவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவரிடம் கேட்டதும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதுவா, எங்க பாஷேல கடிபாருன்னு சொல்வாங்க. கடின்னா எல்லை. பாருன்னா தாண்டிப் போறது" என்றார். "எங்க ஊர்ல ரவுடிங்கள கடிபாரு பண்ணுவாங்க. ஜில்லாவுக்குள்ள கால வெச்சா புடிச்சி உள்ள போட்ருவாங்க."

"ஐயோ, எங்க மாமா கோழி அறுக்கறதுக்கே கண்ண மூடிக்குவாருங்க."

"அப்போ நல்ல ரவுடிதான்" என்று சிரித்துவிட்டு ரசம் கேட்டார்.

எல்லையைத் தாண்டுவது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்தது. கல்லாக்காரர் சொன்னதைவிட இதில் கொஞ்சம் மரியாதை இருந்தது. தாண்டுகிறவன் தன் காலால்தானே தாண்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தர்மபுரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் மகள் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது போனில் தேடிப் பார்த்துச் சொன்னது வேறு. அது லத்தீன் என்ற பழைய பாஷையிலிருந்து வந்த சொல்லாம். 'போர்ட்' என்கிற பகுதிக்குச் சுமத்தல் என்று பொருளாம். ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற போர்ட்டரும், சரக்கு அனுப்புகிற எக்ஸ்போர்ட்டும் அதே வேர்தானாம். முன்னால் இருக்கிற 'டி' அப்பால் என்று சொல்கிறதாம். ஆகத் தூக்கிக்கொண்டுபோய் அப்பால் விடுவது. அந்தக் காலத்து ரோமாபுரியில், குற்றவாளி என்று தீர்த்தவனை ஒரு தீவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அவன் சொத்தும் போய்விடும், அந்த நாட்டு ஆள் என்கிற உரிமையும் போய்விடும்.

"அப்ப நம்ம வார்த்த?" என்று கேட்டேன்.

"நாடு கடத்தறது. அதுவும் அதேதாம்மா. ஒருத்தன் தானா போனா கடக்கறான். இன்னொருத்தன் கொண்டுபோனா கடத்தறான்."

அவள் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷோ தமிழோ, இந்தச் சொல்லுக்குள் இரண்டு ஆள் இருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போகிறவன் ஒருவன், தூக்கிப் போகப்படுகிறவன் ஒருவன். தூக்கிப் போனவன் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அப்புறம்? இறக்கி வைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையே இல்லை போலிருக்கிறது. இதை மகளிடம் சொன்னால், "எம்மா, டிக்சனரி அவ்ளோதான் சொல்லும், மீதிய நீதான் கவலப்படணும்" என்றாள். அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த வேலையை நான் விடாமல் செய்துகொண்டுதான் இருந்தேன்.

இந்த நிலையில்தான் கறிவேப்பிலைக்குப் போன இடத்தில் முதுகைப் பார்த்தேன்.

"மாமா" என்று கூப்பிட்டது என் குரல் மாதிரியே இல்லை. வீசிய மாவு கல்லின் ஓரத்தில் விழுந்து தொங்கியது. அவர் திரும்பினார். இளைத்திருந்தார். கன்னத்து எலும்பு தூக்கிக்கொண்டிருந்தது. "சத்தம் போடாத பாப்பா" என்றார். அதற்குள் அந்தக் கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டார். "என்னா மாஸ்டர், சொந்தமா? பேசுங்க, பேசுங்க. கடத்தூர்க்காரர கடத்திட்டுப் போனவனே கொண்டாந்து வுட்டுட்டான்னு சொல்லுங்க!" என்று சத்தமாகச் சிரித்தார். எங்கள் ஊர்களுக்குப் பக்கத்து டவுன்தான் கடத்தூர். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால், தினமும் ஒருமுறையாவது இந்தக் கிண்டலுக்குச் சிரித்துப் பழகியவர் மாதிரி இருந்தது.

பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்தோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மலை இறங்குகிற லாரிகளின் பிரேக் சத்தம் தொடர்ந்து கேட்டது. எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. வெளிநாடு போனவர் வீட்டுக்கு வராமல் இருந்தால் ஜனங்கள் நினைக்கிற இரண்டு காரணத்தையும் கேட்டுவிட்டேன்.

"கடன் ஏதாச்சும் இருக்குதா மாமா?"

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு."

"வேற யாராச்சும்..."

"ஒங்கக்கா ஒருத்திக்கே பதில் சொல்லி முடியல. இன்னொன்னு வேறயா" என்றார். அது பழைய மாமா பேசுகிற பேச்சு. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு அவராகச் சொன்னார். அவர் வேலை பார்த்த கடைக்காரர் பர்மிட்டைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம், புதுப்பிக்கவில்லையாம். ஒருநாள் சோதனை வந்தபோது பிடித்துக்கொண்டு போய், முகாமில் வைத்திருந்து, கடைசியில் விமானத்தில் ஏற்றித் திருச்சியில் இறக்கிவிட்டார்களாம். திருச்சியிலிருந்து சேலம், சேலத்தில் பெங்களூர் பஸ். தொப்பூரில் பஸ் டீக்கு நின்றிருக்கிறது. சேலம் ஜில்லா முடிந்து எங்கள் ஜில்லா தொடங்குகிற இடம். இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. பஸ் போய்விட்டது. எதிரே இருந்த கடையில் மாஸ்டர் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தது காதில் விழ, போய் நின்றுவிட்டார். அங்கிருந்து அக்கா வீடு ஒரு பஸ், இன்னொரு பஸ். அவ்வளவுதான் தூரம்.

"ஏன் மாமா?"

அவர் கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டே இருந்தார். "ஒனக்குத் தெரியாது பாப்பா. எங்கள ஏத்தி அனுப்பறதுக்கு வந்தவங்க மாஸ்க்கால வாயக் கட்டியிருந்தாங்க. கைக்கு உறை போட்டிருந்தாங்க. தொட்டாக்கூட விரல் நுனியாலதான் தொட்டாங்க. ஏத்தி விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போனாங்க. அதப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் செஞ்சது தான அது? அதே மாதிரி வாயக் கட்டிகினு நான் எத்தன தடவ தூக்கிட்டுப் போயி வெச்சிருக்கேன்? எல்லை தாண்டி விட்டத யாராச்சும் வூட்டுக்குள்ள திரும்ப எடுத்துட்டு வருவாங்களா? ஒங்கக்காவுக்கு ஏதாச்சும் ஆனா?"

அவர் எதைச் சொல்கிறார் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த மாமாவின் ஊரும் நாங்கள் பிறந்த ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவில் ஒரு ஓடையும் தரைப்பாலமும்தான் எல்லை. எங்கள் சின்ன வயசில் அம்மை கண்டாலோ, ஆடு மாடுகளுக்குச் சீக்கு வந்தாலோ மாமாவின் ஊரில் அதை எல்லை கடத்திவிடுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு புதுக் கூடையில் வேப்பிலையைப் பரப்பி, மண்ணில் செய்த உருவத்தை வைத்து, விளக்கேற்றி, ஊரெல்லாம் சுற்றிக் கொண்டுவந்து தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம், அதாவது எங்கள் பக்கம், இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். கல்யாணமாகாத ஒரு பையன்தான் கூடையைத் தூக்கிவர வேண்டும். வாயைத் துணியால் கட்டிக்கொள்வான். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய் ஓடையில் முழுகிவிட்டுத்தான் ஊருக்குள் நுழைவான். எல்லை தாண்டியது தாண்டியதுதான். அந்தப் பேச்சையே அப்புறம் வீட்டில் எடுக்கக்கூடாது.

அந்தப் பையனாகப் பல தடவை வந்தவர் மாமா. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்ப்போம். கூடையைத் தூக்கித் தூக்கியோ என்னவோ இடது தோள் சற்று இறங்கின ஒரு முதுகு, வேகவேகமாகப் பாலத்தைத் தாண்டிப் போகும். பிற்பாடு அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றியபோது, எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அதுதான். அப்போதும் நான் பயந்துபோய், "கூடய தூக்கிட்டு வந்த ஆளு, அக்கா" என்று அக்காவின் காதில் சொன்னேன். "தூக்கத் தெரிஞ்ச ஆளுதான் வேணும்" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

ஓட்டலுக்குத் திரும்பி வந்து கறிவேப்பிலையைக் கொடுத்தேன். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று மாமா கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தார். சொன்னால் ஓடிப்போவார், சொல்லாவிட்டால் அக்கா இருக்கிற இடத்திலேயே கரைந்துபோவாள். அவள் அப்போது சாப்பாட்டையே குறைத்துவிட்டிருந்தாள். போன் அடித்தால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் தரையில் போட்டேன். அந்த வாரம் முழுக்க இப்படித்தான்.

ஆனால் கவலைப்படுகிற மனசுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே விஷயத்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். மாமா சொன்னதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, அதில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்குப் பட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு மாமா போய்விடுவார். அவர் ஊர்க்காரர் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தது நாங்கள். புளியமரத்துக்குப் பின்னால் நின்றது நாங்கள். அப்புறம் நடந்ததெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும்.

மறுபடி மாமா இருந்த ஓட்டலுக்குப் போனேன். இந்தத் தடவை முன்பக்கமாகவே போனேன். கூட்டமில்லாத மத்தியான வேளை. "மாமா, நீங்க கொண்டாந்து வெச்சிட்டுப் போனதுக்கப்பறம் நாங்க என்னா பண்ணோம்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"அலறி அடிச்சி ஓடியிருப்பீங்க."

"பொங்கல் வெச்சோம்."

அவர் என்னைப் பார்த்தார். "என்னாது?"

"பொங்கல். நீங்க அந்தப் பக்கம் போனதும் பொம்பளைங்கெல்லாம் மஞ்சத் தண்ணி கொண்டாந்து ஊத்தி, கும்புட்டு, அம்மா வந்துட்டாங்கன்னு தூக்கிட்டுப் போயி வேப்பமரத்தடியில வெப்போம். தேங்கா ஒடைப்போம். ஒரு பொழுது வெச்சிருந்து, பூசை போட்டு, அப்பறந்தான் அடுத்த ஊரு எல்லையில கொண்டுபோயி விடுவோம். எங்களுக்கு அது திருவிழா மாமா. நீங்க எப்பக் கொண்டு வருவீங்கன்னு நாங்க காத்துக் கெடப்போம்."

"நாங்க மூக்கப் பொத்திகினு கொண்டாந்து எறக்கனதுக்கா?"

"அதுக்கேதான்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம், "ஒருத்தருக்கும் ஒன்னும் ஆவலியா?" என்று கேட்டார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"எனக்கு ஒரு தடவ வயித்தால போச்சு. பொங்கல நெறைய தின்னுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்துபோய்க் கல்லைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கல்.

இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தும் இது எப்படி அவருக்குத் தெரியாமல் போனது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கையடித்துக் கொடுத்த சத்தியத்தை மீறியதற்கு எனக்கு ஒரு காய்ச்சலாவது வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அக்கா அழுகிறாளோ என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டேன். இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு, கல்யாணமான புதிதில் இந்தப் பொங்கல் கதையை ஒருமுறை அந்த வீட்டில் சொல்ல ஆரம்பித்ததாகவும், "அந்தப் பேச்ச வூட்டுக்குள்ள எடுக்காத" என்று மாமியார் வாயைப் பொத்திவிட்டதாகவும் சொன்னாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

"அவர நம்ம ஊருக்கு வரச் சொல்லு" என்றாள். "அவுங்க ஊருக்குள்ள வர வேணாம். எல்லை தாண்டி வந்தத வாங்கறது நம்ம மொறதான? நாம வாங்கிக்கலாம்."

அதை அப்படியே மாமாவிடம் போய்ச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் டவுன் பஸ்ஸில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வருவாரா மாட்டாரா என்று நான் பஸ் வருகிற திசையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போய் நின்றேன். முந்தின பஸ்ஸில் வரவில்லை. அடுத்ததில் கடைசி ஆளாக இறங்கினார். அக்கா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடும் வேப்பிலையோடும் நின்றாள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் என்னவோ ஏதோ என்று வந்து கூடிவிட்டார்கள்.

"என்னாடி, புது மாப்ளயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பழசுதான். கழுவி எடுக்கறோம்" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா கிட்டே போய் அவர் காலில் தண்ணீரை ஊற்றினாள். குடத்தில் பாதி இருக்கும்போதே அதைக் கீழே வைத்துவிட்டாள். வேப்பிலைக் கொத்தால் தோளில் ஒரு அடி போட்டாள், அந்த இறங்கின தோளில். "கணவாய்ல நின்னு பரோட்டா வீசத் தெரியுது, வூட்டுக்கு வழி தெரியலீங்களா?" என்றாள். இன்னொரு அடி. பிறகு கொத்தைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் அவர் பாதத்தைத் துடைத்தாள். மாமா அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

வேப்பமரத்தடியில் பொங்கல் வைத்தோம். மாமா முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு, "இதத்தான் தின்னீங்களா, நாங்க கொண்டாந்தப்ப எல்லாம்?" என்று கேட்டார். ஏமாந்துபோன ஒரு ஆளின் குரல் மாதிரி இருந்தது. அத்தனை தடவையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பசியோடு திரும்பிப் போயிருக்கிறோமே என்று நினைத்தாரோ என்னவோ.

மத்தியானத்துக்கு மேல் அக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "ஒரு பொழுது வெச்சாச்சு. அடுத்த எல்லையில கொண்டுபோயி விடணும்" என்றாள். அடுத்த எல்லை என்று எங்கள் ஊரில் எப்போதும் சொல்வது கிழக்கே. அங்கே இன்னொரு ஊர் இருக்கிறது. அக்கா மேற்கே பார்த்து நடந்தாள். அங்கே இருப்பது தரைப்பாலம். "எந்தப் பக்கம் கொண்டு போறதுன்றது வாங்கனவங்க இஷ்டம்" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்குவரை தெரியாது. அவள் அங்கேயே உண்டாக்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.

பாலத்தின் நடுவில் மாமா நின்றுவிட்டார். மறுபக்கம் அவர் அண்ணன் நின்றிருந்தார். மோட்டார் போட்டுவிட்டு வருகிறவர், தோளில் மண்வெட்டி. பெரியவர் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால் மாமா அப்படியே திரும்பித் தொப்பூருக்குப் போய்விடுவார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அண்ணன் தம்பியைப் பார்த்தார், ஈரமாக மஞ்சள் ஏறியிருந்த காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவரையும் பாலத்துக்கு அப்பால் விட்டதைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லித்தானே வளர்த்திருப்பார்கள்? மண்வெட்டியைக் கீழே இறக்கினார்.

"ஏன்டா, கனாக் கண்டவன் மாதிரி நிக்கற? பையக் குடு" என்றார். அவரே நடந்து வந்து, பாலத்தின் பாதிக்கு வந்து, பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டார். "செவல மாட்டுக்குத் தண்ணி காட்டணும். நட."

மாமா நடந்தார். அக்கா அவர் பின்னால் போனாள். நான் எங்கள் பக்கத்திலேயே நின்று, மூன்று முதுகுகளும் மரவள்ளிக்காட்டு வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எல்லை கடத்திவிட்ட ஒன்று அந்தப் பாலத்தைத் தாண்டி அந்தத் திசையில் திரும்பிப் போய் நான் பார்த்தது.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. அக்காவும் மாமாவும் இப்போது கடத்தூரில் ஒரு சின்ன டிபன் கடை போட்டிருக்கிறார்கள். ஊரில் அவரை மலேசியாக்காரர் என்றுதான் சொல்கிறார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தொப்பூரில் அந்த ஓட்டல் வேறு கைக்குப் போய்விட்டது. நானும் வேலையை விட்டுவிட்டு, லீவு நாட்களில் அக்கா கடைக்குப் போய் வெங்காயம் நறுக்கிக் கொடுக்கிறேன். சொல் தேடுகிற பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. எதற்காவது பயம் வந்தால் அதற்கு என்ன பெயர், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மகளைக் கேட்டுத் தொந்தரவு செய்கிறேன். பயம் போவதில்லை. ஆனால் அது என்னவென்று தெரிந்த பயமாக ஆகிவிடுகிறது. அதனோடு குடித்தனம் நடத்தலாம்.

போன மாதம் கடையில் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் விமானத்திலிருந்து இறங்குவதைக் காட்டினார்கள். வரிசையாக வந்தார்கள். சிலர் முகத்தை மூடியிருந்தார்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், அங்கே ஏன் போனார்கள், எவ்வளவு கொடுத்துப் போனார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மாமா கல்லுக்கு முன்னால் நின்றபடி கழுத்தைத் திருப்பி டிவியையே பார்த்தார். இறங்குவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். படியில் கால் வைப்பது, பஸ்ஸில் ஏறுவது, பிறகு மறுபடியும் படி.

"எறங்கறதையே காட்டறான்" என்றார் மாமா, யாரிடம் என்றில்லாமல். "வெளிய அவங்களக் கூட்டிட்டுப் போக யாரு வந்து நிக்கறாங்கன்னு ஒருத்தனும் காட்ட மாட்டேங்கறானே."

செய்தி மாறி மழை, விலைவாசி என்று வேறு எங்கோ போன பிறகும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், இனிமேலாவது காட்டுவார்கள் என்பதுபோல. கல்லில் பரோட்டா கருகுகிற வாசனை வந்தது. அக்கா அவர் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கி, அவருக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.